ஊர்ப் பொதுச் சொத்தும் திருச்சபையின் உக்கிராணத்துவமும்

"இந்தக் கட்டடம் யாருடையது?" என்னும் கேள்வி நம் சபைகளில் பெரும்பாலும் இரண்டு வேளைகளிலேயே எழுகின்றது. கூரை ஒழுகும்போது ஒரு முறை. வாங்குவதற்கு ஆள் வரும்போது மற்றொரு முறை. முதல் வேளையில், "நம்முடையதன்று, பேராயத்துடையது" என்கிறோம். இரண்டாம் வேளையில், "நம் முன்னோர் கட்டியது, நம்முடையதே" என்கிறோம். இவ்விரண்டு விடைகளுக்கும் இடையே மறைந்து கிடக்கும் உண்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் ஊழியம் புரியும் ஆயர்களுக்கு இக்கேள்வி நெருக்கமானது. பழைய வீடுகளும் மன்றங்களும் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுவதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். நிலத்தின் விலை ஏற ஏற, பலர் கூடிப் பயன்படுத்திய கட்டடம் ஒருவர் கைக்குள் போய்விடுகின்றது. இதற்கு மாறாக, ஓர் ஊரார் ஒன்றுகூடி அறக்கட்டளை அமைத்து, தங்கள் ஊரிலுள்ள கட்டடங்களைப் பொது உடைமையாக்கிக் காக்கும் முறை உலகின் பல பாகங்களில் வளர்ந்துள்ளது. அம்முறையின் வேர்களுள் ஒன்று நம் நாட்டு மண்ணிலேயே இருப்பதும், அதன் வரலாறு திருச்சபைக்குக் கூறும் எச்சரிக்கையும் நாம் அறியத்தக்கவை.

1. நம் நகரில் பொதுமை கண்ட வடிவங்கள்

இன்றைய தியாகராய நகர், முன்னாளில் நீண்ட ஏரி இருந்த இடத்தில், 1920களில் உருவாக்கப்பட்ட குடியிருப்பாகும். பொது நீர்நிலை மனைகளாகப் பிரிக்கப்பட்டது; ஏரியின் நினைவு பெயரளவில் நின்றது. அடையாற்றிலுள்ள காந்தி நகர், 1940களின் பிற்பகுதியில் ஒரு கூட்டுறவு வீடு கட்டும் சங்கத்தின் முயற்சியால் எழுந்தது. நிலத்தைச் சங்கம் கூட்டாக வாங்கி, மனைகளாக வகுத்து, உறுப்பினர்க்கு அளித்தது. நடுத்தரக் குடும்பத்தினர் பலருக்கு வீடு கிடைத்தது. ஆனால் மனை தனியாருக்கு உரிமையானபின் சங்கத்தின் பிடி தளர்ந்தது. தலைமுறை மாறியபோது வீடுகள் பல அடுக்குமாடிகளாயின. கூட்டுறவு, வாங்குவதற்குத் துணையாயிற்று; வைத்துக் காப்பதற்குத் துணையாகவில்லை.

மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள ரானடே நூலகமும் அதனோடு இணைந்த சீனிவாச சாஸ்திரி மன்றமும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. 1901ஆம் ஆண்டில் காலமான மகாதேவ கோவிந்த ரானடேயின் நினைவாகப் பொதுவாழ்வில் ஈடுபட்ட பெரியோர் தோற்றுவித்த நூலகம் அது. எந்த உறுப்பினரும் தமக்கென்று அங்கே ஒரு பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது. அதனாலேயே, சுற்றிலும் கடைகள் பெருகிய பின்னும் இசைக்கும் சொற்பொழிவுக்கும் நூல் வாசிப்புக்கும் ஓர் இடம் எஞ்சியது.

மூன்றாம் வகையைச் சாந்தோம் கடற்கரையில் காணலாம். கலங்கரை விளக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் இணைக்கும் சாலையின் ஓரத்தில், நொச்சிக்குப்பம் முதலிய மீனவ ஊர்களின் பெண்கள் நெடுங்காலமாக மீன் விற்று வந்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னை உயர்நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்கைத் தொடர்ந்து அக்கடைகள் அகற்றப்பட்டபோது, இது எங்கள் ஊரின் பொது இடம் என்று மீனவர் கூறிப் போராடினர். பின்னர், 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், மாநகராட்சி கட்டிய 366 கடைகள் கொண்ட மீன் அங்காடி அங்கே திறக்கப்பட்டது. வெயிலுக்கு நிழலும், நீரும், கழிவுநீர் வசதியும் நன்மையே. ஆயினும் கட்டடம் மாநகராட்சியினுடையது. விற்பவர் ஒதுக்கீடு பெற்றவர். ஊரின் பொது இடமாகக் கருதப்பட்டது அரசின் பொதுக் கட்டடமாயிற்று. பயன் ஒன்றாகத் தோன்றினும், முடிவெடுக்கும் உரிமை இடம் மாறிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தனியுடைமை, அரசுடைமை ஆகிய இரண்டிற்கும் இடையே ஊருடைமை என்னும் மூன்றாம் வழி உண்டா? உண்டு என்று முதலில் துணிந்து கூறியவர்களுள் வினோபா பாவே ஒருவர்.

2. கிராமதானத்திலிருந்து ஜார்ஜியா வரை

1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், தெலுங்கானாவிலுள்ள போச்சம்பள்ளியில் பூமிதான இயக்கம் பிறந்தது. தனியொருவர் தம் நிலத்தில் ஒரு பங்கை நிலமற்றவர்க்கு அளிப்பது பூமிதானம். அடுத்த ஆண்டே உத்தரப் பிரதேசத்திலுள்ள மங்க்ரோத் என்னும் சிற்றூரில் அது கிராமதானமாக வளர்ந்தது. ஊரார் தங்கள் நில உரிமையைக் கிராம சபைக்கு ஒப்புவித்து, உழும் உரிமையை மட்டும் தாங்கள் வைத்துக்கொள்வதே கிராமதானம். நிலத்தில் பாடுபடலாம், பிள்ளைகளுக்கு விடலாம். ஆனால் ஊருக்கு வெளியே உள்ளவருக்கு விற்கலாகாது. தமிழகத்தில் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதியர் இவ்வியக்கத்தை மதுரை மாவட்டத்தில் வளர்த்தனர். மிஷனரியாக அமெரிக்காவிலிருந்து வந்து சர்வோதய ஊழியராக மாறிய ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் அவர்களோடு தோள் கொடுத்தார். 1958ஆம் ஆண்டில் பூமிதானத்திற்கெனச் சட்டமும் இங்கு இயற்றப்பட்டது.

இவ்விதை கடல் கடந்தும் விழுந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், வாக்களிக்கப் பதிவு செய்துகொண்ட குற்றத்திற்காகக் கறுப்பினக் குத்தகை உழவர் தாங்கள் குடியிருந்த நிலங்களிலிருந்து துரத்தப்பட்டனர். நில உரிமையின்றிக் குடியுரிமை நிலைக்காது என்பதை உணர்ந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் ஷெராட். இறையியல் பயின்ற போதகர். அவரும், ஸ்லேட்டர் கிங், ராபர்ட் ஸ்வான் முதலிய தோழர்களும் கிராமதானக் கருத்தையும் இஸ்ரவேல் நாட்டின் நிலக் குத்தகை முறையையும் ஆராய்ந்து, 1969ஆம் ஆண்டில் "நியூ கம்யூனிட்டீஸ்" என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஏறத்தாழ 5,700 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. சமுதாய நில அறக்கட்டளை என இன்று வழங்கும் முறைக்கு அதுவே முதல் எடுத்துக்காட்டு.

அம்முறையின் அமைப்பு எளியது. நிலம் என்றென்றும் அறக்கட்டளையினுடையது. அதன்மேலுள்ள வீட்டையோ கடையையோ ஒருவர் நீண்ட காலக் குத்தகையில், வழக்கமாக 99 ஆண்டுகளுக்கு, பெறுகிறார். அவர் விட்டுச் செல்லும்போது, தாம் செலவிட்டதற்கு ஏற்ற நியாயமான தொகையைப் பெறலாம். நிலவிலை ஏற்றத்தின் ஆதாயத்தைப் பெறலாகாது. நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் குடியிருப்போர். ஒரு பங்கினர் அக்கம்பக்கத்தார். எஞ்சியோர் பொது நலன் கருதுவோர். இருப்பவர் மட்டும் முடிவெடுத்தால் விற்றுவிடத் தோன்றும்; வெளியார் மட்டும் முடிவெடுத்தால் இருப்பவரை மறந்துவிடத் தோன்றும். இரண்டையும் தடுக்கவே இம்மூவகைக் குழு.

3. ஒரு தீவும் ஒரு தேவாலயமும்

நிலத்திற்கு ஏற்பட்ட இம்முறை கட்டடங்களுக்கு எவ்வாறு பொருந்தியது என்பதை ஸ்காத்லாந்து நாடு காட்டுகின்றது. அதன் மேற்குக் கரையிலுள்ள எய்க் என்னும் சிறு தீவு முழுவதும் தனியொருவரின் உடைமையாகக் கைமாறி வந்தது. நிலக்கிழாரின் மனம்போல் குத்தகை அமைந்ததால், வீட்டைப் பழுதுபார்க்கவும் குடிகள் அஞ்சினர். 1997ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தீவாரின் சங்கம், வட்டார ஆட்சி மன்றம், வனவுயிர்க் காப்பு அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த அறக்கட்டளை, நன்கொடை திரட்டி, 15 இலட்சம் பவுனுக்குத் தீவை வாங்கியது. பின்பு படகுத் துறையருகே கடை, அஞ்சலகம், தேநீரகம் கொண்ட பொதுக் கட்டடம் எழுந்தது. உறுதியான குத்தகை கிடைத்தபின் மக்கள் தங்கள் வீடுகளைத் துணிந்து செப்பனிட்டனர்.

2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், விற்பனைக்கு வரும் நிலத்தையும் கட்டடத்தையும் முதலில் வாங்கும் உரிமையை அந்நாட்டுக் கிராமச் சமுதாயங்களுக்கு அளித்தது. 2015ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தால் அவ்வுரிமை நகரங்களுக்கும் விரிந்தது. அதை நகரில் முதன்முதலில் பயன்படுத்தியவர்கள் எடின்பரோ நகரின் போர்ட்டோபெல்லோ பகுதி மக்கள். அவர்கள் வாங்கிய கட்டடம் யாதெனில், சபைகள் இணைந்ததால் தேவைக்கு மிஞ்சியதென்று திருச்சபை விற்க முன்வந்த ஒரு பழைய தேவாலயமும் அதன் மன்றங்களுமே. ஊராரின் வாக்கெடுப்புக்குப் பின், 2017ஆம் ஆண்டில் அது ஊர் அமைப்பின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொது மன்றமாகத் திறக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி நம்மை மகிழ்விக்க வேண்டுமா, வெட்கப்படுத்த வேண்டுமா? இரண்டும் பொருந்தும். தேவாலயக் கட்டடம் மதுக்கடையாகவோ வணிகக் கூடமாகவோ ஆகாமல் ஊருக்குப் பயன்பட்டது என மகிழலாம். ஆயினும், ஊரார் அக்கட்டடத்தைத் தங்களுடையதென அறிந்துகொள்ள அது விற்பனைக்கு வரவேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

4. பொதுமை தோற்கும் இடங்கள்

இம்முறையைப் போற்றுவோர் அதன் தோல்விகளையும் நேர்மையாகக் கூறக் கடமைப்பட்டுள்ளனர். அவை மூன்று.

முதலாவது, காவலின்மை. 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையின் விளைவாக, 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பிற சாதியாருக்கு அவற்றை மாற்றலாகாது என்பது தெளிவான நிபந்தனை. எனினும் கடனாலும் அச்சுறுத்தலாலும் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. அந்நிலங்களை மீட்க 1994ஆம் ஆண்டு காரணையில் நிகழ்ந்த போராட்டத்தில் உயிர்கள் பலியாயின. தாளில் எழுதிய தடை, அதைக் காக்கும் வலிமையுள்ள அமைப்பு இல்லாவிடில், தாளோடு நின்றுவிடும். கிராமதானத்திலும் வாக்குறுதிகள் பல சட்டப்படியான உரிமை மாற்றமாக முதிராமலே போயின.

இரண்டாவது, கடன். நியூ கம்யூனிட்டீஸ் நிலத்தைக் கடனில் வாங்கியிருந்தது. எதிர்பார்த்த அரசு மானியத்தை மாநில ஆளுநர் தடுத்தார். வறட்சி வந்தபோது, வெள்ளை உழவர்க்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு மறுக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டில் நிலம் முழுவதும் பறிபோயிற்று. இனப் பாகுபாட்டிற்கு ஈடாக 1 கோடி 20 இலட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பு வந்தது 2009ஆம் ஆண்டில்தான். அத்தொகையில் அவர்கள் மீண்டும் நிலம் வாங்கினர்; அதுவும் முன்னாளில் அடிமைகள் உழைத்த ஒரு பண்ணையையே வாங்கினர். அடமானம் வைக்கப்பட்ட பொதுச் சொத்து பாதிதான் பொதுச் சொத்து என்பதே இதன் படிப்பினை.

மூன்றாவதே மிகக் கொடியது. "ஊர்" என்பதில் யார் அடங்குவர்? நம் நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு. ஊர்ப் பொதுக் கிணறு சேரிக்குப் பொதுவாக இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய மன்றத்தில் அம்பேத்கர் கிராமத்தைப் புகழ்ந்தோரைக் கடுமையாக மறுத்தது இக்காரணத்தாலேயே. மீனவ ஊர்களில் பஞ்சாயத்து வலிமையான அமைப்பு. ஆனால் வழக்கமாக ஆண்களே அமரும் அவையில், மீன் விற்கும் பெண்ணின் குரலுக்கு இடம் குறைவு. எனவே, ஊருடைமை என்று முழங்கிவிட்டு ஊர்ப் பெரியவர்களின் உடைமையாக்குவது பழைய அநீதிக்குப் புதிய பத்திரம் எழுதுவதேயாகும்.

5. சட்டம் இடந்தரும் அளவு

நம் நாட்டில், ஊர் முதலில் வாங்கும் உரிமையைத் தரும் சட்டம் ஸ்காத்லாந்திலுள்ளது போல் இல்லை. எனினும் வழியில்லை என்று கூறுவதற்கில்லை. பொது அறக்கட்டளைக்குக் காலவரையின்றிச் சொத்தை ஒப்படைக்கலாம்; சொத்து மாற்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவு அதற்கு விலக்களிக்கின்றது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகவும், கம்பெனிச் சட்டத்தின்கீழ் ஆதாயம் கருதாத நிறுவனமாகவும் பதியலாம். அறங்காவலர் தவறிழைத்தால், அறக்கட்டளையில் அக்கறையுள்ள இருவர் அல்லது மேற்பட்டோர், நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம். அறச் சொத்தை விற்கவும் குத்தகைக்கு விடவும் அனுமதிக்கும் அதிகாரம் அப்பிரிவின்படி நீதிமன்றத்திற்கு உண்டு.

திருச்சபையின் நிலை இதனோடு ஒப்பிடத்தக்கது. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துக்களை வைத்திருக்கும் அறக்கட்டளைச் சங்கம், 1947ஆம் ஆண்டில், 1913ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி பதிவானது. பல மிஷன்களின் சொத்துக்களை ஒரு குடையின்கீழ்க் காக்க எழுந்த ஏற்பாடு அது. அதன் நன்மை, ஒரு சபையின் உட்பூசலால் கோயில் விலைபோகாமை. அதன் குறை, காணிக்கையிட்டுக் கட்டிய சபையாரும், அக்கட்டடத்தின் நிழலில் வாழும் அயலாரும், விற்பனை பேசப்படும்போது அதை அறியாதிருக்கக்கூடும் என்பது. எய்க் தீவின் குழுவில் இருந்த மூன்று பங்குகளில், நம் ஏற்பாட்டில் எது இல்லை என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

6. திருமறையின் ஒளியில்

லேவியராகமம் 25ஆம் அதிகாரம் நிலத்தை அறுதியாக விற்பதைத் தடுக்கின்றது. நிலம் கடவுளுடையது, இஸ்ரவேலர் அவரிடத்தில் குடியேறிய அந்நியரே என்பது அதன் காரணம். உரிமையாளர் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. குத்தகைதாரர் மட்டுமே உளர். யூபிலி ஆண்டின் மீட்பு, ஒரு தலைமுறையின் வறுமை அடுத்த தலைமுறையின் விதியாகாமல் காத்தது. நாபோத் தன் திராட்சத்தோட்டத்திற்கு நல்ல விலை பேசப்பட்டும் மறுத்தான் (1 இரா. 21). விலை குறைவென்று அவன் மறுக்கவில்லை. அது தன் பிதாக்களின் சுதந்தரம், விற்பனைப் பொருளன்று என்றே மறுத்தான்.

அப்போஸ்தலர் காலத்துச் சபையின் பொதுவுடைமையை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம் (அப். 4). ஆனால் உடனே வரும் அனனியா, சப்பீராள் நிகழ்ச்சியைத் தனியொரு பாடமாகப் பிரித்துவிடுகிறோம். நிலம் விற்குமுன் அவர்களுடையதாகவே இருந்தது என்பதைப் பேதுரு ஒப்புக்கொள்கிறார். கொடாதது அவர்களுடைய குற்றமன்று. கணக்கை மறைத்ததே குற்றம். பொதுச் சொத்தின் முதல் எதிரி பேராசை என்பதைவிட மறைக்கப்பட்ட கணக்கு என்பதே பொருந்தும். உக்கிராணக்காரனிடத்தில் அவனுடைய எஜமான் கேட்பதும் கணக்கே.

7. ஆயரும் குருசேகரமும் செய்யத்தக்கவை

அயலாரிடம் ஆலயத்தை ஒப்படைத்துவிட வேண்டுமா என்று சிலர் அஞ்சலாம். அது நம் கருத்தன்று. வழிபாட்டிடம் வேறு, அதனைச் சூழ்ந்துள்ள மன்றம், பயன்படாத பள்ளிக் கட்டடம், காலியான மனை ஆகியவை வேறு. பின்னவற்றைப் பற்றிச் சில செயல்களைக் குறிப்பிடலாம்.

முதலாவதாக, மூலப்பத்திரத்தைப் படித்தல் வேண்டும். எந்நோக்கத்திற்காக, யாருக்காக அந்நிலம் கொடுக்கப்பட்டது என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கலாம். இரண்டாவதாக, சொத்துப் பட்டியலையும் வாடகைக் கணக்கையும் ஆண்டுதோறும் சபையார் முன் வைத்தல் வேண்டும். மூன்றாவதாக, பணத்தேவை வந்தால் விற்பனையை விடுத்து, குறிப்பிட்ட காலக் குத்தகையை முதலில் ஆராய வேண்டும். விற்ற மனை மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ மறுபடியும் கிடைப்பதன்று. நான்காவதாக, மன்றத்தை நடத்தும் குழுவில் அயலாருக்கும், சிறப்பாகக் குப்பங்களில் வாழும் பெண்களுக்கும், வீட்டு வேலை செய்வோருக்கும் இடமளிக்க வேண்டும். அழைப்பவர்களாக அன்றி, முடிவெடுப்பவர்களாக அவர்கள் அமர வேண்டும். ஐந்தாவதாக, அக்குப்பங்களின் மக்கள் தங்கள் வலைக்கூடத்திற்கோ, படிப்பகத்திற்கோ அறக்கட்டளை அமைக்க விரும்பினால், பத்திரம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த சபையார் துணைநிற்கலாம். தலைமை அவர்களுடையதாயிருக்கட்டும், உதவி நம்முடையதாயிருக்கட்டும்.

இவை சிறு செயல்களே. ஆயினும் எரேமியாவின் செயலும் சிறியதே. எருசலேம் முற்றுகையிடப்பட்டு, அவரும் காவலில் அடைபட்டிருந்தபோது, ஆனதோத்தூரிலுள்ள நிலத்தை அவர் மீட்டார். வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்தார், முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்பாண்டத்தில் வைத்து நெடுநாள் காக்கும்படி பாரூக்கிடம் ஒப்புவித்தார் (எரே. 32). நகரம் விழப்போகின்றது என்று அறிந்தவர், அந்நகரின் மக்கள் திரும்பி வருவர் என நம்பிப் பத்திரம் எழுதினார்.

நம் ஆலயங்களின் இரும்புப் பெட்டிகளிலும் பழைய பத்திரங்கள் உறங்குகின்றன. அவற்றை விலைக்காக மட்டும் திறவாமல், வரப்போகும் தலைமுறைக்காகவும் அயலாருக்காகவும் திறந்து வாசிப்பது இக்காலத்து உக்கிராணத்துவத்தின் முதல் படியாகும்.